எந்த ஊரில் எண்ணப்படுகிறோம்?
இனம், நகரம், கல்வி: ஓர் ஒப்பீடு



ஒரு பாடசாலை ஆசிரியரின் நினைவாக நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு இது. கல்வியைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்பதில் எவருக்கும் ஐயம் இராது. ஆனால் அமெரிக்க நகரங்களின் இன அமைப்பையும் கல்வி நிலையையும் ஒப்பிட்டுப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்துகொண்டு டெற்றோயிட்டைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

எந்த இனத்தவர் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்ற கணக்கினால் வாழ்க்கை புரட்டிப்போடப்பட்ட மக்கள் நாங்கள். இந்த நிலத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியை அமைத்தார். அதே வளவில் 1974 அக்டோபரில், பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. வளாகம் திறந்த ஆண்டுகளும் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் பற்றிய சண்டை உச்சத்தில் இருந்த ஆண்டுகளும் ஒன்றே. அமெரிக்கத் தொடர்பு அதைவிடப் பழையது. 1816இல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் பாடசாலை தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி, அடுத்த ஆண்டு உடுவில் பெண்கள் பாடசாலை. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் சிலவற்றில் ஓர் அடிமைப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்த அந்தக் காலத்தில், அமெரிக்கர்கள் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை நாங்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. இன்று அந்தப் பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு, அதன் பொருள் என்ன என்று பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அந்த நகரங்கள். 2020ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பையும் அதனை ஒட்டிய ஆண்டுதோறும் வரும் மாதிரிக் கணக்கெடுப்புகளையும் வைத்துப் பேசுகிறேன். அங்கே கல்வி நிலையைச் சொல்வதற்கு வழக்கமான அளவுகோல் ஒன்று உண்டு: 25 வயதைக் கடந்தவர்களில் எத்தனை வீதத்தினர் பட்டதாரிகள்? நாடு முழுவதற்கும் எடுத்தால் மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகம். டெற்றோயிட்டில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். பட்டதாரிகள் ஆறில் ஒருவர் அளவிலேயே இருக்கிறார்கள். மெக்சிக்கோ எல்லையில் உள்ள எல் பாசோவில் பத்தில் எட்டுப் பேர் ஸ்பானிய வழியினர், பட்டதாரிகள் கால்வாசி. சியாற்றிலில் வெள்ளையர் அறுபது வீதமளவில். பட்டதாரிகள் மூன்றில் இரண்டு பங்கு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால், பார்ப்பவர் மனத்தில் ஒரு முடிவு தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். இன்ன இனம் படிக்கும், இன்ன இனம் படிக்காது என்ற முடிவு. அதைச் சொல்லத் துணியாதவர்கள்கூட உள்ளூர நினைத்துக்கொள்வார்கள்.

அட்லாண்டாவை எடுத்தால் அந்த முடிவு நிலைகுலையும். அங்கே பாதியளவினர் கறுப்பினத்தவர். பட்டதாரிகளோ ஐம்பது வீதத்துக்கு மேல். அடிமை முறை ஒழிந்த கையோடு, 1867இல் மோர்ஹவுஸ் கல்லூரியும் 1881இல் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரியும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்காக எழுந்தன. மோர்ஹவுஸ் அட்லாண்டாவுக்கு வந்து சேர்ந்தது 1879இல். ஆசிரியர்களும் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் போதகர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து வெளிவந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் படித்தது மோர்ஹவுஸில்தான். ஒரே இனம், ஒரு நகரத்தில் கல்லூரி முன்கூட்டியே வந்தது, மற்றதான டெற்றோயிட்டில் கார்த் தொழிற்சாலை முன்கூட்டியே வந்தது. அட்லாண்டாவுக்குள்ளும் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் டெற்றோயிட்டின் எண்ணை இனத்தின் கணக்கில் எழுதுபவர் அட்லாண்டாவுக்கு என்ன பதில் சொல்வார்?

வொஷிங்டன் இன்னும் கடினமான பாடம். அந்நகரத்தில் பட்டதாரிகள் அறுபது வீதத்துக்கு மேல். பெரிய நகரங்களில் முன்வரிசையில் நிற்கும் எண். உள்ளே போய்ப் பார்த்தால் வெள்ளையரில் பத்தில் ஒன்பது பேர் பட்டதாரிகள். கறுப்பினத்தவரில் பத்தில் மூன்று பேர். அறுபது என்ற அந்தச் சராசரியில் வாழ்பவர் அந்நகரத்தில் எவருமே இல்லை. நகரத்தின் சராசரி உயர்ந்துகொண்டே வந்ததற்கு ஒரு காரணம், வாடகை கட்ட இயலாத குடும்பங்கள் நகரத்தைவிட்டு வெளியேறியது. பாடசாலை திருந்தாமலே ஒரு நகரத்தின் கல்வி நிலை உயரலாம். ஏழைகளை வெளியே தள்ளினால் போதும்.

சியாற்றிலிலும் இப்படியொரு மறைபொருள் உண்டு. போயிங், மைக்ரோசொப்ற், அமேசன் ஆகிய நிறுவனங்கள் அந்நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளர்ந்தவை. அவை அமெரிக்காவெங்கும் இருந்து, உலகமெங்கும் இருந்து, படித்தவர்களை அழைத்துக்கொண்டன. சென்னையில் படித்த பொறியியலாளரும் மொறட்டுவையில் படித்த பொறியியலாளரும் இன்று சியாற்றிலின் கல்வி வீதத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்க வைத்த செலவு தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும், எண் சியாற்றிலுக்கு. நகரத்தின் கல்வி நிலை என்று நாங்கள் வாசிப்பது அந்த நகரத்தில் யார் குடியிருக்கிறார் என்ற கணக்கை. யாருக்கு அந்த நகரம் கல்வி கொடுத்தது என்ற கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதனால்தான் இந்த ஒப்பீடுகளில் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

இந்திய வழி அமெரிக்கரை எடுங்கள். அவர்களில் நாலில் மூவர் பட்டதாரிகள். இந்தியாவின் எந்த மாநிலத்திலும் காண முடியாத வீதம் இது. 1965இல் அமெரிக்கா தன் குடிவரவுச் சட்டத்தை மாற்றியது. தொழிற்றகைமை உள்ளவர்களுக்கு வாசல் திறந்தது. கடல் கடந்து வந்தவர்களை வாசலிலேயே சல்லடை போட்டு எடுத்திருக்கிறார்கள். அதே 'ஆசியர்' என்ற தலைப்பின்கீழ் மினசோற்றாவின் சென் போல் நகரத்தில் ஹ்மொங் மக்கள் வாழ்கிறார்கள். லாவோஸ் மலைகளில் அமெரிக்க உளவு நிறுவனம் நடத்திய போரில் இறக்கப்பட்டு, 1975க்குப் பின் அகதிகளாக வந்தவர்கள். அவர்களை எவரும் தகைமை பார்த்து எடுக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் வந்தார்கள். முதல் தலைமுறையில் கல்வியறிவு மிகக் குறைவு. ஆசியர் நன்றாகப் படிப்பவர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடும்போது, சென் போல் நகரத்து ஹ்மொங் பிள்ளைக்கு உதவி தேவை என்பதே மறைந்துபோகிறது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். 1981இல், கிளிநொச்சியைக் கழித்துப் பார்த்தால், யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். முப்பது ஆண்டில் நாடு முழுவதும் பெருகியது. யாழ்ப்பாணமோ ஒன்றரை இலட்சம் குறைந்தது. போனவர்கள் யார்? போரில் செத்தவர்கள் ஒரு பகுதி. 1983 இனக்கலவரத்துக்குப் பின்பும் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்பும் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சிட்னிக்கும் கொழும்பு வெள்ளவத்தைக்கும் போனவர்கள் மறு பகுதி. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் தகைமையோடு போனவரும் உண்டு. கனடாவுக்கு அகதியாகப் போய் உணவகத்தில் கோப்பை கழுவிப் பிள்ளைகளைப் படிப்பித்தவரும் உண்டு. எங்கள் மண்ணில் படித்த வைத்தியர் ரொறன்ரோ ஸ்காபரோவின் கல்வி வீதத்தில் நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் கல்வி வீழ்ந்துவிட்டது என்று அடிக்கடி சொல்கிறோமே, அந்த வீழ்ச்சியில் எவ்வளவு பங்கு பாடசாலைக்கு, எவ்வளவு பங்கு விமான நிலையத்துக்கு என்று பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

இந்தக் கணக்கில் நாங்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் கொட்டிலின்கீழ் படித்தார்கள். அவர்களில் படிப்பை விட்டவரும் படித்து முன்னேறியவரும் புத்தளம் மாவட்டத்தின் கணக்கில் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றில் அவர்கள் இல்லை. இருக்கவேண்டியவர்கள் அவர்கள்.

பிள்ளை எங்கே படிக்கும், எப்படிப் படிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் எல்லைகளைப் பற்றி இனிப் பேசவேண்டும். டெற்றோயிட்டின் வடக்கெல்லை எட்டாம் மைல் வீதி. அதற்குத் தெற்கே, நகரத்துக்குள்ளேயே, ஒரு மதில் இன்றும் நிற்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம், கொங்கிறீற்றினால் ஆனது. 1941இல் ஒரு காணி வியாபாரி வெள்ளையருக்கு வீடு கட்டி விற்க நினைத்தார். பக்கத்தில் கறுப்பினத்தவர் குடியிருந்ததால் அந்த வீடுகளுக்கான கடனுக்கு அரசின் வீடமைப்பு நிர்வாகம் உத்தரவாதம் தர மறுத்தது. நடுவில் மதில் எழுப்பியதும் உத்தரவாதம் கிடைத்தது. இன்று அந்த மதிலின் ஒரு பகுதியில் ஊர்மக்கள் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். மதில் ஒன்றை எழுப்பி மனிதரைப் பிரிப்பது எங்களுக்குப் புதுமையான கதை அல்ல. மதுரைக்குப் பக்கத்து உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சாதிச் சுவரின் ஒரு பகுதியை 2008இல்தான் உடைத்தார்கள். டெற்றோயிட் மதிலில் நான் காட்ட விரும்புவது அதன் பின்னால் இருந்த அரச முத்திரையை. கடன் கிடைத்தவர் வீடு வாங்கினார். வீட்டின் பெறுமதி ஏறியது. பிள்ளையின் கல்லூரிச் செலவு அதிலிருந்து வந்தது. கடன் மறுக்கப்பட்டவருக்கு வாடகை மட்டும் மிஞ்சியது.

வெள்ளையர் எட்டாம் மைல் வீதியைத் தாண்டிப் புறநகரங்களுக்குப் போனார்கள். 1950இல் 18 இலட்சத்துக்கு மேல் இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2020இல் 6 இலட்சத்து 39 ஆயிரம். நகரத்துப் பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சிக்கொண்டிருந்தபோது, புறநகரங்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிப்பிக்கவேண்டும் என்று கீழ் நீதிமன்றம் கட்டளையிட்டது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1974 யூலையில், மில்லிக்கன் எதிர் பிராட்லி என்ற வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் அந்தக் கட்டளையை நீக்கியது. புறநகரப் பாடசாலைச் சபைகள் குற்றம் செய்ததாக நிரூபிக்கப்படவில்லை, ஆகவே அவற்றின் எல்லையைத் தாண்டக்கூடாது என்றது. நீதியரசர் தேர்கூட் மார்சல் கடுமையாக மாறுபட்டு எழுதினார். 1954இல் பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்ற தீர்ப்பை வாதாடிப் பெற்றவர் அவர்தான். இருபது ஆண்டில் ஒரு வீதி அந்தத் தீர்ப்பைவிட வலியதாகிவிட்டது.

அதற்கு ஓராண்டு முந்திய வழக்கு ஒன்று உண்டு. ரெக்சாஸின் சன் அன்ரோனியோ நகரத்தில் எட்ஜ்வூட் என்ற பாடசாலைச் சபை. அங்கே பிள்ளைகளில் தொண்ணூறு வீதம் மெக்சிக்க வழியினர். அதே நகரத்தில் அலமோ ஹைற்ஸ் என்ற வசதியான சபை. அங்கே பெரும்பாலும் வெள்ளையர். அமெரிக்காவில் பாடசாலைக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் வீட்டு, காணி வரியிலிருந்து வருவது. எட்ஜ்வூட் மக்கள் 100 டொலர் பெறுமதிக்கு 1.05 டொலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைற்ஸ் மக்கள் 85 சதம். கூடுதலாக வரி கட்டியும் எட்ஜ்வூட்டுக்கு ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டொலர்; அலமோ ஹைற்ஸுக்கு 333 டொலர். மாநிலமும் மத்திய அரசும் தந்ததைச் சேர்த்த பிறகும் 356க்கு 594 என்ற நிலை. டிமெற்றியோ றொட்ரிகஸ் என்ற தந்தை, மற்றப் பெற்றோருடன் சேர்ந்து வழக்குப் போட்டார். 1973இல் உயர் நீதிமன்றம் அதையும் ஐந்துக்கு நான்கு என்று தள்ளியது. கல்வி அரசியலமைப்பு உத்தரவாதம் செய்த அடிப்படை உரிமை அல்ல என்பது தீர்ப்பு. சன் அன்ரோனியோவின் ஸ்பானிய வழியினரில் பட்டதாரிகள் ஏன் குறைவு என்று கேட்பவர் இந்த 26ஐயும் 333ஐயும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

எங்கள் நாட்டில் அப்படி இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆசிரியரின் சம்பளத்தை ஊர் வீட்டு வரி தீர்மானிப்பதில்லை. இதை நான் எந்த மேடையிலும் உயர்த்திப் பேசுவேன். ஆனாலும் 26க்கும் 333க்கும் இங்கே வேறொரு வழி உண்டு. எங்கள் பெரிய கல்லூரிகளுக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பழைய மாணவர் சங்கக் கிளைகள் இருக்கின்றன. இராப்போசன விருந்து வைத்துப் பணம் சேர்த்து அனுப்புகிறார்கள். கட்டடம் எழுகிறது, ஆய்வுகூடம் வருகிறது, நீச்சல் தடாகம்கூட வருகிறது. அவர்கள் நன்றியுணர்வை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வெளிநாட்டில் பழைய மாணவர் இல்லாத பாடசாலைக்கு அனுப்புவதற்கு எவரும் இல்லை. முல்லைத்தீவின் உட்பகுதியில், நெடுந்தீவில், மலையகத் தோட்டத்தில் உள்ள பாடசாலைக்குச் செல்வந்தரான பழைய மாணவர் இனித்தான் உருவாகவேண்டும். இதற்கு மேலே ரியூசன். இயற்பியலும் இணைந்த கணிதமும் படிக்கும் பிள்ளை மாலையில் எந்தச் சந்தியில் சைக்கிளை நிறுத்துகிறது என்பதைப் பொறுத்து, பல்கலைக்கழகம் புகும் வெட்டுப்புள்ளியை அது எட்டுமா என்பது மாறுகிறது. திருநெல்வேலிச் சந்தியிலும் நல்லூரிலும் நிறுத்த முடிந்த பிள்ளை ஒரு வகை. கடைசிப் படகை விட்டால் வீடு போக முடியாத பிள்ளை இன்னொரு வகை.

இனித் தரப்படுத்தல். இதை உணர்ச்சி கலவாமல் பேசுவது இந்த மண்டபத்தில் எளிதல்ல, முயல்கிறேன். 1971இல், மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு 229. பொறியியலுக்கு 250, 227. ஒரே பரீட்சை, ஒரே ஆய்வுகூடம், ஒரே விரிவுரை மண்டபம். எழுதிய மொழி மட்டும் வேறு. இது அநீதி. அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ளப்போவதில்லை. அந்தக் கொதிப்பிலிருந்துதான் தமிழ் மாணவர் பேரவை எழுந்தது. அதற்குப் பின் வந்த அரை நூற்றாண்டு உங்களுக்குத் தெரியும். தொடர்ந்து மாவட்டக் கோட்டா வந்தது. 1969இல் விஞ்ஞானம் சார்ந்த பீடங்களுக்குப் போனவர்களில் கால்வாசிக்கு மேல் வடமாகாணத்தவர். 1974இல் அது 7 வீதமளவுக்கு இறங்கியது. மேல்மாகாணத்தின் பங்கும் பெருவீழ்ச்சி கண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மொழிவாரித் தரப்படுத்தலையும் மாவட்டக் கோட்டாவையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவது எங்களிடையே வழக்கமாகிவிட்டது. அவை வெவ்வேறு. முதலாவது மொழியைப் பார்த்தது. இரண்டாவது இடத்தைப் பார்த்தது. மாவட்டக் கோட்டாவினால் மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளையும் அம்பாறை முஸ்லிம் பிள்ளையும் வன்னிப் பிள்ளையும் மருத்துவ பீடத்துக்குள் நுழைந்தார்கள். யாழ்ப்பாணம் அன்று முன்னணியில் நின்றதற்குத் திறமையும் உழைப்பும் காரணம். அவற்றோடு 1816உம் காரணம். ஆங்கிலேய ஆட்சியாளர் அமெரிக்க மிஷனரிமாரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் விதமாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். போட்டியில் பாடசாலைகள் பெருகின. வற்றாத ஆறு இல்லாத, கிணற்றை நம்பிய சுண்ணக்கல் மண்ணில் வேறு வருவாய் குறைவு. அரசாங்க உத்தியோகமே விளைச்சல். பதுளையிலோ மொனராகலையிலோ இந்த அளவுக்குப் பாடசாலைகள் எழவில்லை. அட்லாண்டாவுக்கு மோர்ஹவுஸ் எப்படியோ எங்களுக்கு வட்டுக்கோட்டை அப்படி. எங்கள் முன்னேற்றத்தை எங்கள் இரத்தத்தின் குணமாகச் சொல்லிக்கொண்டால், டெற்றோயிட்டின் பின்னடைவை அவர்கள் இரத்தத்தின் குணமாகச் சொல்பவரைத் திருத்தும் தகுதி எங்களுக்கு இல்லாமற் போய்விடும்.

இன்று என்ன நிலை? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதிப்படி, கலைப்பாடம் தவிர்ந்த பெரும்பாலான கற்கைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் சனத்தொகைக்கேற்ற மாவட்டப் பங்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு.  அந்த 16 மாவட்டங்களின் பட்டியலை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நுவரெலியா, அம்பாந்தோட்டை, மொனராகலை ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் அதில் இருக்கிறது. கூடுதலாகப் படிக்கிறார்கள் என்று ஒரு தலைமுறையில் தண்டிக்கப்பட்ட மாவட்டம், பின்தங்கியதாக இன்னொரு பட்டியலில் நிற்கிறது. மரபணு நாற்பது ஆண்டில் மாறுவதில்லை. மாறியது யார் இருந்தார்கள், யார் போனார்கள், எது எரிந்தது, எது மூடப்பட்டது என்பவைதான். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

மாவட்டக் கோட்டாவை நீக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாவட்டம் என்ற அலகு மிகப் பெரியது என்பதே என் வாதம். ரெக்சாஸ் மாநிலத்தில் 1996இல் பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைப் பார்க்கக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டே மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது: ஒவ்வொரு உயர்நிலைப் பாடசாலையிலும் முதல் பத்து வீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. எட்ஜ்வூட்டின் முதல் பத்து வீதமும் அலமோ ஹைற்ஸின் முதல் பத்து வீதமும் சமம். பாடசாலைகள் இனவாரியாகப் பிரிந்தே கிடந்தால்தான் இந்தச் சட்டம் பல இனப் பிள்ளைகளைக் கொண்டுவரும் என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் அவர்கள் எடுத்த அலகு பாடசாலை. 2023இல் ஹாவார்ட் வழக்கில் நாடு முழுவதும் அனுமதியில் இனத்தைப் பார்ப்பது தடைப்பட்ட பிறகு, இடத்தையும் பாடசாலையையும் அலகாகக் கொள்ளும் வழிகளை அங்கே மறுபடி ஆராய்கிறார்கள்.

மாவட்டம் ஏன் மிகப் பெரிய அலகு என்பதற்கு நுவரெலியாவைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பின்படி அந்த மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மலையகத் தமிழர். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். அதுவரை பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை. லயன் அறையில் எழுந்து, தாய் கொழுந்து பறிக்கப் போன பின் தம்பியைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டுப் பாடசாலை போகும் பிள்ளை, ஹற்றன் நகரத்து வசதியான பாடசாலைப் பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளிக்கு ஓடுகிறது. மாவட்டத்துக்கென்று ஒதுக்கிய இடத்தை நகரத்துப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது; சில வேளை வெளிமாவட்டத்திலிருந்து வெட்டுப்புள்ளிக்காகவே வந்து சேர்ந்த பிள்ளை எடுத்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெற்றோரையும் எங்களுக்குத் தெரியும். ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளில் உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் 1ஏபி தரப் பாடசாலைகள் ஆயிரம் அளவில்தான் இருக்கின்றன. மிகுதிப் பாடசாலைகளில் சேர்ந்த பிள்ளைக்கு வைத்தியராகும் ஆசை வந்தால், முதலில் பாடசாலை மாறவேண்டும். கோட்டா அந்தப் பிள்ளையை எட்டுவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு மதில் உண்டு. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்கவேண்டும் என்று வந்தபோது, யாழ்ப்பாணத்துச் சைவ மேட்டுக்குடி அதை எதிர்த்தது. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படிக்கவேண்டும், அல்லது வெளியே நிற்கவேண்டும் என்றது. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகள் சில எரிந்தன. இலங்கைக் குடிசன மதிப்பு சாதியைக் கேட்பதில்லை. ஆகவே 'இலங்கைத் தமிழர்' என்ற ஒற்றைப் பத்திக்குள் இந்த வரலாறு முழுவதும் அடங்கி மறைந்துவிடுகிறது. கறுப்பினத்தவருக்கு ஏன் பட்டம் குறைவு என்று டெற்றோயிட்டைப் பார்த்துக் கேட்பது எங்களுக்கு எளிது. 1930இல் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளையின் பேரப்பிள்ளை இன்று எந்தப் பீடத்தில் இருக்கிறது என்ற கேள்வியை எங்கள் பல்கலைக்கழகம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

இவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். ஒவ்வொரு பாடசாலையிலும் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் சாதாரண தரம் வரை வந்தவர் எத்தனை பேர், உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் எடுத்தவர் எத்தனை பேர், அதற்காக எத்தனை பேர் பாடசாலை மாறினார்கள், பல்கலைக்கழகம் போனவர் எத்தனை பேர், அவர்கள் இன்று எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுங்கள். பெரும்பகுதித் தரவு அதிபரின் அலுமாரியில் சேர்வு இடாப்பாகக் கிடக்கிறது. புவியியல், சமூகவியல், கல்வியியல், புள்ளிவிபரவியல் துறைகள் சேர்ந்து இறங்கினால் ஓரிரு ஆண்டில் முடிக்கக்கூடிய வேலை. தீவகத்தையும் முஸ்லிம் வட்டாரத்தையும் விட்டுவிடாதீர்கள். இடாப்பில் இடையில் நின்றுபோன பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். முடித்த கணக்கை முதலில் வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களுக்கு அனுப்புங்கள்; அடுத்த விருந்தில் சேரும் பணத்தில் ஒரு பங்கை எந்தப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும் என்று அவர்களுக்கு அதிலிருந்து தெரியட்டும். அடுத்த ஆண்டு இதே அறக்கட்டளை மேடையில் அந்தக் கணக்கை வாசிக்க ஒரு மாணவரை அழைக்கும்படி அதை நிறுவிய குடும்பத்தினரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.